நாற்பத்தைந்து வயதுப் பெண்ணுக்கு வைத்தியம் எங்கே?

நமது நாட்டில் ஒரு பெண் பெரியவளானால் பந்தல் போட்டு, பத்திரிகை அடித்து, தாய்மாமன் சீர்வரிசையோடு மேளம் கொட்டி, இக்காலத்தில் தெருமுனையில் படம் போட்ட பேனரும் கட்டி ஊருக்கெல்லாம் தெரிவித்து விடுகிறார்கள். அவள் கர்ப்பமானால் வளைகாப்பு. பிள்ளை பெற்றால் பேர் வைக்கிற சடங்கு. ஆனால் அதே பெண்ணுக்கு நாற்பத்தாறு, நாற்பத்தேழு வயதில் மாதவிடாய் நின்று போகிறதென்றால் அந்தச் சங்கதி கட்டின புருஷனுக்குக்கூடத் தெரிவதில்லை. அதற்கும் ஒரு மேளம் கொட்ட வேண்டுமென்று நாம் சொல்ல வரவில்லை. முன்னே கொட்டினதே வீண் செலவு, அந்தப் பெண்ணுக்கு அவமானமுங்கூட என்பது நமது வெகுநாளைய அபிப்பிராயம். நாம் கேட்பதெல்லாம், அந்த வயதில் அவளுக்கு உண்டாகும் கஷ்டத்தைக் காது கொடுத்துக் கேட்கவும், கேட்டுத் தக்க வைத்தியம் சொல்லவும் இந்த நாட்டில் யார் இருக்கிறார்கள் என்பதேயாகும்.

கஷ்டம் இன்னதென்று ஆண்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெண்களுக்கோ கஷ்டம் தெரியும், காரணம் தெரியாது.

பெண்ணின் அடிவயிற்றிலுள்ள இரண்டு சினைப்பைகளும் மாதா மாதம் முட்டையை வெளிவிடுவதோடு, ஈஸ்ட்ரோஜன் என்கிற ஒரு பொருளைச் சுரந்து இரத்தத்தில் கலக்கின்றன. இப்படி உடம்பில் ஓரிடத்தில் சுரந்து வேறோரிடத்தில் போய் வேலை செய்கிற பொருள்களுக்குத்தான் ஹார்மோன் என்று பெயர். முட்டைகள் தீர்ந்து கொண்டு வர வர இந்தச் சுரப்பு ஒரே சீராகக் குறைவதில்லை. ஒரு மாதம் அதிகமாகவும் ஒரு மாதம் குறைவாகவும் தாறுமாறாகி, சில வருஷங்கள் ஆட்டங்காட்டிவிட்டுக் கடைசியில் ஏறக்குறைய அற்றுப் போகிறது. பன்னிரண்டு மாதம் தொடர்ந்து விலக்கு வராவிட்டால் நின்றுவிட்டதென்று வைத்தியர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். மேல்நாட்டில் இது சராசரி 51 வயதில் நடக்கிறது. நமது நாட்டில் 46, 47லேயே நடந்து விடுகிறது.

ஈஸ்ட்ரோஜன் கர்ப்பப்பைக்காக மாத்திரம் ஏற்பட்ட பொருளல்ல. மூளை, எலும்பு, இரத்தக் குழாய், தோல், மூத்திரப்பை ஆகிய எல்லாம் இத்தனை காலம் அதன் உதவியில் நடந்து வந்தவை. மூளையில் உடம்புச் சூட்டை நிதானத்தில் வைக்கிற இடமொன்றுண்டு. ஈஸ்ட்ரோஜன் குறைந்தவுடன் அந்த இடம் தப்புக் கணக்குப் போட ஆரம்பிக்கிறது. சூடில்லாதபோதே சூடேறிவிட்டதாக எண்ணி, நெஞ்சிலிருந்து தலைவரைக்கும் குப்பென்று அனலைக் கிளப்பி, ரவிக்கை நனையும்படி வேர்க்க வைத்துவிடுகிறது. இது பகலில் பத்துத் தடவை வரலாம். இரவில் தூக்கத்தை நாலு துண்டாக்கலாம். தூக்கம் கெட்டவளுக்கு மறதியும் எரிச்சலும் காரணமில்லாத அழுகையும் வருவதில் என்ன ஆச்சரியம்? இதன் பிறகு பெண்ணுறுப்பு வறண்டு, புருஷனோடு சேருவது வேதனையாகி, மூத்திரக் கடுப்பும் அடிக்கடி வந்து போகிறது. இவையெல்லாம் தெரிந்து நடப்பவை. தெரியாமல் நடப்பது எலும்பு தேய்வது. விலக்கு நின்ற முதல் சில வருஷங்களில்தான் அது வேகமாகத் தேய்கிறது. அறுபத்தைந்து வயதில் கிணற்றடியில் லேசாக வழுக்கி விழுந்த கிழவியின் இடுப்பெலும்பு முறிந்து போவதற்கு இங்கேதான் அஸ்திவாரம் போடப்படுகிறது.

எல்லாப் பெண்களுக்கும் இவ்வளவும் வந்துவிடுவதில்லை. சிலருக்கு ஒன்றும் தெரியாமலே கழிந்து விடுகிறது. சிலருக்கு ஏழெட்டு வருஷம் நீடிக்கிறது. அந்தச் சிலரைப் பற்றித்தான் பேச்சு.

நிற்க. நூற்பாலையில் வேலை பார்க்கிற ஒரு 47 வயது அம்மாளுக்கு இந்தக் கஷ்டம் வந்ததாக வைத்துக் கொள்ளுவோம். அவள் யாரிடம் போவாள்? மாமியாரிடம் சொன்னால், "எங்களுக்கெல்லாம் நிக்கலையா? இதைப் போயி வெளியில சொல்லிக்கிட்டு!" என்று வாயை அடைத்து விடுவாள். புருஷனிடம் சொன்னால், "சித்திரை வெயிலு, எல்லாருக்குந்தான் வேர்க்குது" என்பான். காத்துக் கருப்பு என்று வேப்பிலை அடிக்க ஒருவன், ஏழரைச் சனி என்று எள்ளு விளக்கேற்றச் சொல்ல ஒருவன். டவுனுக்குப் போய் ஒரு டாக்டரைப் பார்த்தால், படபடப்பு என்றதும் நெஞ்சுக்கு ஒயர் மாட்டிப் படம் எடுத்து, கோளாறில்லை என்று தூக்க மாத்திரை எழுதிக் கொடுப்பார். கடைசியாக லேடி டாக்டரிடம் போனால், வாசலில் நாற்பது பேர் காத்திருக்கிற அவசரத்தில், "வயசாயிடுச்சேம்மா, அப்படித்தான் இருக்கும்" என்று ஒரு கால்ஷியம் மாத்திரையோடு முடிந்து விடும். ஆறு பேரிடம் போய் ஆறு பதிலும் கேட்டு வந்தவளுக்கு, தன் சினைப்பையில் சுரப்பு நின்றதுதான் காரணம் என்கிற ஒரு வார்த்தையை மாத்திரம் ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

லேடி டாக்டரை மாத்திரம் நாம் குறை சொல்லுவதற்கில்லை. ஆஸ்பத்திரிகளில் அந்தப் பகுதியின் வாசலில் எழுதியிருக்கிற பெயரைப் பாருங்கள். மகப்பேறு மருத்துவம் என்றிருக்கும். சென்னை எழும்பூரில் 1844லேயே பிரசவத்திற்கென்று தனி ஆஸ்பத்திரி ஏற்பட்டு விட்டது. அதனால் காப்பாற்றப்பட்ட உயிர்கள் அனந்தம். அதை நாம் குறைவாகப் பேச மாட்டோம். ஆனால் பெண் என்றால் பிள்ளை பெறுகிற யந்திரம் என்கிற எண்ணம் நமது வீட்டில் இருப்பது போலவே ஆஸ்பத்திரியிலும் இருக்கிறதா இல்லையா? யந்திரம் ஓடுகிற வரையில் எண்ணெய் போடுவார்கள். ஓட்டம் நின்ற பிறகு அதற்கு என்ன எண்ணெய்? 47 வயதில் விலக்கு நின்ற பெண் இக்காலத்தில் இன்னும் 25, 30 வருஷம் உயிரோடிருக்கிறாள். ஆயுளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட காலத்தை நடத்த வேண்டியவளை யந்திரக் கணக்கில் எழுதுவது எந்த நியாயம்?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். லாட்ஜில் ரூம் எடுத்துக் கொண்டு ஊர் ஊராக வருகிற "பரம்பரை" வைத்தியர்கள் ஆண்களின் வாலிபத்தை மீட்டுக் கொடுப்பதாகப் பஸ் ஸ்டாண்டுக் கக்கூசு முதற்கொண்டு ஒட்டாத சுவரில்லை. அவ்வளவும் மோசடி என்பது வேறு விஷயம். ஆனால் மோசடிக்காரன்கூட ஐம்பது வயது ஆணுக்குத்தான் வாலிபம் வேண்டியிருக்கிறதென்று நினைக்கிறானேயொழிய, அதே வயதுப் பெண்ணை ஏமாற்றக்கூட அவன் அவளை ஒரு பொருட்டாக மதிக்கவில்லை!

மதத்தின் சங்கதியோ இதைவிட வேடிக்கை. சபரிமலைக்குப் பத்து வயது முதல் ஐம்பது வயது வரையிலுள்ள பெண்கள் போகக் கூடாதென்பதைக் கேரள ஹைகோர்ட்டே 1991இல் சரியென்று தீர்ப்புச் சொல்லிற்று. 2018 செப்டம்பர் 28இல் சுப்ரீம் கோர்ட்டு நாலுக்கு ஒன்று என்கிற கணக்கில் அதை ரத்து செய்தது. அதன் மேல் மறுபரிசீலனை மனுக்கள் போடப்பட்டு, 2019இல் விஷயம் பெரிய பெஞ்சுக்குப் போயிற்று. வழக்கின் நியாய அநியாயத்தை இங்கே நாம் பேசவில்லை. பெண்ணுக்கு விலக்கு எப்போது ஆரம்பிக்கிறது, எப்போது நிற்கிறது என்பதை வயது போட்டு எண்ணிக் கணக்கு வைத்திருப்பவர்கள் கோவில்காரர்கள். எண்ணினது எதற்கு? அவளால் சாமிக்குத் தீட்டு ஒட்டிக் கொள்ளுமா கொள்ளாதா என்பதற்கு. நின்ற பிறகு அவளுக்கு எலும்பு தேய்கிறதா, தூக்கம் வருகிறதா என்று கேட்க அங்கே ஆளில்லை. தீட்டு என்று முப்பது வருஷம் ஒதுக்கி வைக்கப்பட்டவள், அது நின்றவுடன் "விட்டதடா தொல்லை" என்று சந்தோஷப்படுகிறாள். அப்புறம் அதன் பேரால் வருகிற கஷ்டத்தை வாய்விட்டுச் சொல்ல எப்படித் துணிவாள்? வைத்தியரைத் தேடாததற்கு முதற்காரணம் இந்த வெட்கமே.

கத்தி வைத்தியம்

வெட்கத்தை விட்டு வைத்தியரைத் தேடிப் போகிறவளுக்கும் ஒரு ஆபத்துக் காத்திருக்கிறது. விலக்கு நிற்கப் போகிற வருஷங்களில் இரத்தப்போக்கு அதிகமாவதும் நாள் தவறுவதும் சகஜம். அந்தச் சமயத்தில் சில தனியார் ஆஸ்பத்திரிகளில் ஸ்கேன் எடுத்து, "கர்ப்பப்பையில் கட்டி, விட்டால் புற்றுநோய்" என்று ஒரு பயத்தைப் போட்டு, பையையே எடுத்து விடுகிறார்கள். பிள்ளைதான் பெற்றாகி விட்டதே, இனி அது எதற்கு என்பது அவர்களுடைய வாதம். வீட்டாருக்கும் அது சரியென்றே படுகிறது.

2015–16இல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களில் நூற்றுக்கு மூன்று பேருக்குக் கர்ப்பப்பை எடுக்கப்பட்டிருந்தது. நமக்கு அடுத்த ஆந்திராவில் நூற்றுக்கு ஏறக்குறைய ஒன்பது பேர், தெலுங்கானாவில் எட்டுப் பேர். இந்த ஆப்பரேஷன்களில் மூன்றில் இரண்டு பங்கு தனியார் ஆஸ்பத்திரிகளில் நடந்தவை. மராட்டிய மாகாணத்து பீட் ஜில்லாவில் கரும்பு வெட்டப் போகிற பெண்கள் ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் மேஸ்திரிக்குத் தண்டம் கட்ட வேண்டும். விலக்கு நாளில் வேலை தவறாமலிருக்க வேண்டுமென்று இருபது, முப்பது வயதிலேயே பையை எடுத்துக் கொண்டார்கள் என்ற செய்தி 2019இல் வெளியாகி, சர்க்கார் கமிட்டி போட்டு 82,309 பெண்களை விசாரித்ததில் 13,861 பேருக்குப் பை இல்லை. பீஹார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் ஆகிய இடங்களில் இன்ஷியூரன்ஸ் பணத்திற்காக இதே அக்கிரமம் நடந்ததாக வந்த வழக்கில், 2023 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு எல்லா மாகாணங்களும் விதிகளை ஏற்படுத்தி அமுல் நடத்த வேண்டுமென்று உத்தரவு போட நேர்ந்தது.

பையோடு சினைப்பைகளையும் சேர்த்தெடுத்து விட்டால் என்ன ஆகும்? நாலைந்து வருஷத்தில் சிறுகச் சிறுக வரவேண்டிய கஷ்டம் ஒரே ராத்திரியில் வந்து விடும். சினைப்பையை விட்டு வைத்தாலும் அது உரிய காலத்துக்குச் சில வருஷம் முன்பே ஓய்ந்து போவதுண்டு. முப்பத்தைந்து வயதில் இப்படி ஆனவளுக்கு ஐம்பது வயது வரையிலாவது ஹார்மோனை மருந்தாகக் கொடுத்து வரவேண்டும், கொடுக்காவிட்டால் எலும்புக்கும் இருதயத்துக்கும் கேடு என்பது வைத்திய சாஸ்திரம் ஒப்புக் கொண்ட விதி. கத்தி வைத்தவர்களில் எத்தனை பேர் இதைச் சொல்லி அனுப்பினார்கள் என்று யோசித்துப் பாருங்கள். சில சமயங்களில் கர்ப்பப்பையை எடுத்தே தீர வேண்டியதுமுண்டு. புற்றுநோய் வந்தவளுக்கு அதுதான் உயிர். ஆனால் வேறொரு டாக்டரிடம் இன்னொரு தரம் கேட்காமல் சம்மதக் கையெழுத்துப் போடாதீர்கள் என்றுதான் சொல்லுகிறோம்.

மருந்தின் கதை

மருந்தில்லையா என்றால் உண்டு. ஈஸ்ட்ரோஜனை 1929லேயே பிரித்தெடுத்து விட்டார்கள். 1940களில் அது மாத்திரையாகக் கடைக்கு வந்தது. 1966இல் அமெரிக்காவில் ராபர்ட் வில்சன் என்ற டாக்டர் ஒரு புத்தகம் போட்டு, விலக்கு நின்ற பெண் உயிருள்ள பெண்ணே அல்லவென்கிற மாதிரி பயமுறுத்தி, எல்லோரும் ஆயுள் பரியந்தம் மாத்திரை தின்ன வேண்டுமென்றார். அவருக்கு மருந்துக் கம்பெனிப் பணம் வந்து கொண்டிருந்தது பிறகுதான் வெளியாயிற்று. 1975இல் ஈஸ்ட்ரோஜனைத் தனியாகத் தின்றவர்களுக்குக் கர்ப்பப்பை உள்தோலில் புற்றுநோய் அதிகப்படுகிறதென்று கண்டார்கள். அதற்குப் பிறகே, பை உள்ளவளுக்குப் புரொஜெஸ்டிரோன் வகை மருந்தொன்றையும் கூடச் சேர்த்துக் கொடுக்க வேண்டுமென்று ஏற்பட்டது. மேல்நாட்டு டாக்டர் சொன்னதென்பதால் எதையும் வேதவாக்காக எடுத்துக் கொள்ளக் கூடாதென்பதற்கு இது நல்ல அத்தாட்சி.

பிறகு அதே அமெரிக்காவில் 27,000 பெண்களை வைத்து நடத்திய பெரிய பரிசோதனையில், இரண்டு மருந்தும் சேர்த்துச் சாப்பிட்ட பகுதியை 2002 ஜூலையில் நடுவில் நிறுத்தினார்கள். வருஷத்திற்குப் பதினாயிரம் பெண்களில் எட்டுப் பேருக்கு மார்பகப் புற்றுநோய் அதிகப்பட்டது, இருதய வியாதியும் பக்கவாதமும் கூடின என்பது காரணம். இந்தச் செய்தி உலகமெங்கும் பரவி, பெண்கள் மருந்தைக் குப்பையில் போட்டார்கள். டாக்டர்கள் எழுதுவதை நிறுத்தினார்கள். வைத்தியக் கல்லூரிகளில் சொல்லிக் கொடுப்பதும் குறைந்து போயிற்று. ஆனால் அந்தப் பரிசோதனையில் சேர்ந்த பெண்களின் சராசரி வயது 63! விலக்கு நின்று பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து மருந்து தொடங்கினவர்களின் பலனை, 48 வயதில் தொடங்குகிறவளின் தலையில் கட்டினது பிசகு என்று பின்னால் கணக்கைப் பிரித்துப் பார்த்தபோது தெரிந்தது. கர்ப்பப்பை எடுக்கப்பட்டு ஈஸ்ட்ரோஜன் மாத்திரம் சாப்பிட்டவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் அதிகப்படவும் இல்லை. அறுபது வயதுக்குள், அல்லது விலக்கு நின்று பத்து வருஷத்துக்குள் ஆரம்பித்தால், ஆரோக்கியமுள்ள பெரும்பாலோருக்கு நன்மையே அதிகமென்பது இப்போதைய முடிவு. 2025 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு இலாகா இம்மருந்துப் பெட்டிகளின் மேலிருந்த கறுப்புக் கட்ட எச்சரிக்கைகளில் பெரும்பாலானவற்றை எடுத்துவிடப் போவதாக அறிவித்து விட்டது.

நமது ஊர் லேடி டாக்டர் தயங்குவதற்குக் காரணம் இப்போது விளங்கும். 2002க்குப் பிறகு படித்தவர்களில் பலர் இம்மருந்தின் பயத்தை மட்டும் படித்தவர்கள்.

இதனால் எல்லோரும் மருந்துக் கடைக்கு ஓட வேண்டுமென்று அர்த்தமில்லை. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், இரத்தக்கட்டு, பக்கவாதம், ஈரல் வியாதி உள்ளவர்கள், காரணம் தெரியாத இரத்தப்போக்குள்ளவர்கள் ஆகியோருக்கு இது ஆகாது. தோலில் தடவுகிற களிம்புக்கு மாத்திரையைவிட இரத்தக்கட்டுப் பயம் குறைவு. வறட்சிக்கும் மூத்திரக் கடுப்புக்கும் மாத்திரமென்றால் உள்ளே தடவுகிற கிரீம் போதும். அது உடம்பில் மிகக் கொஞ்சமே சேருகிறது. ஹார்மோன் ஆகாதவர்களுக்கு வேறு மாத்திரைகளும் உண்டு. 2023இல் அமெரிக்காவில், மூளையின் சூட்டுக் கணக்கையே சரிப்படுத்துகிற ஹார்மோனல்லாத ஒரு மருந்தும் அனுமதிக்கப்பட்டது. அதைச் சாப்பிடுகிறவர்கள் ஈரலைப் பரிசோதித்துக் கொண்டே இருக்க வேண்டும். இவ்வளவில் எது யாருக்கென்று சொல்லத்தான் தெரிந்த வைத்தியர் வேண்டுமென்கிறோம்.

தேடுவது எப்படி?

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இதற்கென்று டாக்டர் சங்கங்கள் 1989லேயே ஏற்பட்டு, இதில் தனியாகத் தேறினவர்களின் ஜாபிதாவை ஜனங்கள் பார்க்கும்படி வைத்திருக்கின்றன. இந்தியாவிலும் 1995 முதல் இந்திய மெனோபாஸ் சங்கம் என்று ஒன்றிருந்து, டாக்டர்களுக்கு விதிமுறைகள் வெளியிட்டு வருகிறது. ஆனால் அவ்விதிமுறைகள் ஆண்டிபட்டிக்கும் அரவக்குறிச்சிக்கும் நடந்து வரக் காணோம்.

ஆகவே கிராமத்துப் பெண் தன் புத்தியைத்தான் துணைக்கு வைத்துக் கொள்ள வேண்டும். போகும் முன் ஒரு மாதத்திற்கு, எந்தத் தேதியில் விலக்கு வந்தது, எத்தனை தரம் அனல் அடித்தது, எத்தனை மணி தூங்கினாள் என்று பால் கணக்கு எழுதுகிற நோட்டிலேயே எழுதி வைத்துக் கொள்ளட்டும். எழுதிக் கொண்டு வந்ததை "வயசாயிடுச்சு" என்று தள்ளுவது எந்த டாக்டருக்கும் கொஞ்சம் கஷ்டம். டாக்டரிடம் தைரியமாய்க் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: "நீங்கள் ஹார்மோன் மருந்து கொடுப்பதுண்டா? எனக்கு ஏன் கொடுக்கலாம், ஏன் கொடுக்கக் கூடாது?" இதற்குக் காரணத்தோடு பதில் சொல்லுகிறவர் தெரிந்தவர். "அதெல்லாம் கேன்சர் வரும்" என்று ஒரே வாக்கியத்தில் முடிக்கிறவரிடமும், ஒன்றும் விசாரிக்காமல் உடனே சீட்டுக் கிழிக்கிறவரிடமும் இரண்டாந்தரம் போக வேண்டியதில்லை. மெடிக்கல் காலேஜ் உள்ள ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் பெண்கள் பகுதிக்குப் போனால் செலவில்லாமலே பார்க்கலாம். நாற்பது வயதுக்கு முன் நின்று போனவள் காத்திருக்கவே கூடாது. ஹார்மோன் நிபுணர் உள்ள இடத்திற்கே நேராகப் போக வேண்டும். ஐயாயிரம் ரூபாய் பாக்கேஜ் என்று லாபரட்டரிக்காரர்கள் விற்கிற ஹார்மோன் பரிசோதனைகள் 45 வயது தாண்டினவளுக்குப் பெரும்பாலும் வேண்டியதில்லை. வயதும் அறிகுறியுமே போதும். தைராய்டை மாத்திரம் பார்த்துக் கொள்ளலாம், அதன் கோளாறும் இதே மாதிரி வேஷம் போடும். விலக்கு நின்று ஒரு வருஷத்திற்குப் பின் ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். புற்றுநோய் ஆரம்பத்தில் அப்படித்தான் தெரியும். அந்நிலையில் கண்டால் பெரும்பாலும் குணமாகக் கூடியது.

கூடப் போக வேண்டியவன் புருஷன். பம்பு செட்டுக்கு மோட்டார் கெட்டால் மூன்று ஊர் தேடி நல்ல மெக்கானிக்கைக் கண்டுபிடிக்கிறவனுக்கு இது முடியாத காரியமல்ல.

சர்க்காருக்கும் ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் என்று துவக்கி, வீடு வீடாக ஆளனுப்பி, இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு அது. வாசலுக்கு வருகிற ஊழியர் பெரும்பாலும் அதே ஊர்ப் பெண். டாக்டரிடம் வராத பேச்சு அவரிடம் வரும். புதிதாய்க் கட்டடம் வேண்டாம், யந்திரம் வேண்டாம். அப்படி வீட்டுக்கு வருகிறவர் கையிலுள்ள நோட்டில் நாற்பது வயது தாண்டின பெண்களுக்கென்று நாலு கேள்வி அச்சடித்துக் கொடுத்து, பதில் கோளாறாயிருந்தால் தாலுகா ஆஸ்பத்திரியில் வாரத்திற்கு ஒரு நாள் இதற்கென்றே பழக்கப்பட்ட ஒரு டாக்டரிடம் அனுப்பச் செய்தால் போதும். கேள்விகளை நாமே எழுதித் தருகிறோம்: "அம்மா, உங்களுக்கு விலக்கு நின்று எத்தனை காலமாச்சு? ராத்திரி விழிப்பு வராமல் தூங்குகிறீர்களா? நின்ற பிறகு எப்போதாவது இரத்தம் பட்டதா? கர்ப்பப்பையை எடுத்துவிடச் சொல்லி யாராவது சொல்லியிருக்கிறார்களா?"